காயத்தால் முடிந்த ஆட்டம், கல்லூரியில் தொடங்கிய பயிற்சிப் பணி: காலெப் போர்ட்டரின் பயணம்

அமெரிக்க கால்பந்து வீரர் காலெப் போர்ட்டரின் தொழில்முறை ஆட்ட வாழ்க்கை, முழங்கால் காயத்தால் இருபதுகளின் நடுவிலேயே முடிவுக்கு வந்தது. அதன்பின் பத்தே ஆண்டுகளில் அவர் ஒரு கல்லூரி அணியைத் தேசிய சாம்பியனாக்கினார்.

1975-ஆம் ஆண்டு பிறந்த போர்ட்டர், இந்தியானா பல்கலைக்கழக அணியின் நடுக்கள வீரராக விளங்கினார். 1998-இல் மேஜர் லீக் சாக்கர் (எம்எல்எஸ்) போட்டிகளில் அடியெடுத்து வைத்து, சான் ஹோசே கிளாஷ், டாம்பா பே மியூட்டினி ஆகிய அணிகளில் இடம்பெற்றார். காயம் அவரை மைதானத்திலிருந்து விலக்கியபோது, தாம் பயின்ற பல்கலைக்கழகத்துக்கே உதவிப் பயிற்சியாளராகத் திரும்பினார். ஆறு தேசியப் பட்டங்களை வென்ற ஜெர்ரி யேக்லியிடம் அங்கு பணியாற்றினார். போர்ட்டர் உதவிப் பயிற்சியாளராக இருந்த காலத்தில் 2003, 2004 ஆகிய ஆண்டுகளில் இந்தியானா பட்டம் வென்றது.

அமெரிக்காவில் கல்லூரி அணிப் பயிற்சி என்பது முழுநேரத் தொழிலாகும். ஆயினும் கட்டுப்பாடுகள் மிகுதி. போட்டிப் பருவம் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை மட்டுமே. பருவத்தின்போதும் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி அளிக்க இயலாது. அப்போதைய விதிகளின்படி, முதல் பிரிவு ஆடவர் அணி ஒன்றுக்கு 9.9 முழு உதவித்தொகைகளே அனுமதிக்கப்பட்டன. அவற்றையே வீரர்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும். எனவே, திறமையாளர்களைக் கண்டறிந்து சேர்ப்பது பயிற்சியாளரின் பணியில் பெரும்பங்கு வகிக்கிறது.

2006-இல் ஓஹையோ மாகாணத்தின் ஆக்ரன் பல்கலைக்கழகத் தலைமைப் பயிற்சியாளராகப் போர்ட்டர் பொறுப்பேற்றார். 2009 இறுதிப் போட்டியில் ஆக்ரன் அணி, கோலின்றி முடிந்த ஆட்டத்துக்குப் பின் பெனால்டி ஷூட் அவுட்டில் வர்ஜீனியாவிடம் தோற்றது. மறு ஆண்டே மீண்டும் இறுதிக்கு முன்னேறி, லூயிவில் அணியை 1-0 என வென்றது. கால்பந்தில் ஆக்ரனின் முதல் தேசியப் பட்டம் அது. லூயிவில் அணியின் அப்போதைய பயிற்சியாளர் கென் லோலா, போர்ட்டருக்கு முன் ஆக்ரனில் அதே பொறுப்பை வகித்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

அந்த வெற்றியின் பலன் 2011 எம்எல்எஸ் வீரர்கள் தேர்வில் வெளிப்பட்டது. முதல் எட்டு இடங்களில் ஐந்தை ஆக்ரன் வீரர்களே பெற்றனர். லைபீரியாவில் பிறந்து ஓஹையோவில் வளர்ந்த டார்லிங்டன் நாக்பே, இரண்டாவது வீரராக போர்ட்லேண்ட் டிம்பர்ஸ் அணிக்குத் தேர்வானார்.

போர்ட்டரின் பயணத்தில் சறுக்கல்களும் உண்டு. அவரது பயிற்சியிலிருந்த 23 வயதுக்குட்பட்டோர் தேசிய அணி, 2012 லண்டன் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவில்லை. எனினும் 2013-இல் போர்ட்லேண்ட் அணியின் பொறுப்பை ஏற்று, அதே ஆண்டில் எம்எல்எஸ் சிறந்த பயிற்சியாளர் விருதைப் பெற்றார். 2015-இல் போர்ட்லேண்டுக்கும், 2020-இல் கொலம்பஸ் குரூ அணிக்கும் எம்எல்எஸ் கோப்பையை வென்று தந்தார். 2022 பருவத்தின் முடிவில் கொலம்பஸ் அவரை விடுவித்தது.

அவர் கோப்பை வென்ற இரு அணிகளிலும் நாக்பே இடம்பெற்றிருந்தார். கல்லூரி மைதானத்தில் உருவான அந்தப் பிணைப்பு, தொழில்முறைக் களத்திலும் தொடர்ந்தது.