சூரிய வெப்பக் கலப்பு அனல்மின் நிலையம்

சூரிய வெப்பக் கலப்பு அனல்மின் நிலையம் என்பது, நிலக்கரி, இயற்கை எரிவாயு போன்ற எரிபொருள்களை எரித்துப் பெறும் வெப்பத்தையும் ஆடிகளால் குவிக்கப்பட்ட சூரிய வெப்பத்தையும் ஒரே நீராவிச் சுழலியில் பயன்படுத்தி மின்சாரம் உற்பத்தி செய்யும் மின்நிலையம் ஆகும். சுழலி, மின்னியற்றி, குளிர்கலன், மின்செலுத்துத் தடங்கள் ஆகியவை இரு வெப்ப மூலங்களுக்கும் பொதுவானவை. சூரிய ஒளியை நேரடியாக மின்சாரமாக மாற்றும் ஒளிமின் பலகைகளை அனல்மின் நிலைய வளாகத்தில் நிறுவுவது இவ்வகையில் அடங்காது. கலப்பு நிலையத்தில் சூரிய ஆற்றல் வெப்பமாகவே நீராவிச் சுழற்சிக்குள் சேர்கிறது.

1980களிலிருந்து அமெரிக்கா, எகிப்து, அல்ஜீரியா, மொரோக்கோ, ஈரான், ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளில் இத்தகைய நிலையங்கள் கட்டப்பட்டன. குறைந்த செலவில் சூரிய வெப்ப மின்சாரம் பெறும் வழியாக இவை கருதப்பட்டன. எனினும் மொத்த உற்பத்தியில் சூரியனின் பங்கு சில விழுக்காடுகளைத் தாண்டுவது அரிது என்பதும், சூரியப் பகுதியின் வாழ்நாள் எரிபொருள் நிலையத்தின் வாழ்நாளோடு கட்டுண்டது என்பதும் இம்முறையின் அடிப்படை வரம்புகள் ஆகும்.

அடிப்படைக் கருத்து

அனல்மின் நிலையத்தில் எரிபொருளின் பணி நீரை உயர் அழுத்த நீராவியாக்குவது ஆகும். அந்த நீராவி சுழலியின் அலகுகளைத் தள்ளி விரிவடைந்து, குளிர்கலனில் மீண்டும் நீராகி, கொதிகலனுக்குத் திரும்புகிறது. வெப்பம் எதிலிருந்து கிடைத்தாலும் உரிய அழுத்தமும் வெப்பநிலையும் உள்ள நீராவியாகச் சுழலியை அடைந்தால் போதும். ஆகவே வெப்பத்தின் ஒரு பகுதியைச் சூரியனிடமிருந்து பெற முடியும்.

தனித்து இயங்கும் சூரிய வெப்ப மின்நிலையத்துக்கு இரண்டு இடர்ப்பாடுகள் உண்டு. முதலாவது வெப்பநிலை. வெப்ப இயந்திரத்துக்கு வெப்பம் அளிக்கப்படும் வெப்பநிலை உயர உயர அதன் பயனுறுதிறன் கூடும். பரவளைய ஆடிகளில் வழக்கமாகப் பயன்படும் செயற்கை எண்ணெய் ஏறத்தாழ 400 பாகை செல்சியசுக்கு மேல் சிதையத் தொடங்குவதால், அந்நிலையங்களின் நீராவி அதற்கும் குறைவான வெப்பநிலையிலேயே இருக்கும். தற்கால நிலக்கரி நிலையங்களில் நீராவியின் வெப்பநிலை 540 முதல் 600 பாகை வரை உள்ளது. இரண்டாவது இடர்ப்பாடு, சேமிப்பு இல்லாவிடில் சுழலியை ஒவ்வொரு மாலையும் நிறுத்தி மறுநாள் மீண்டும் சூடேற்றித் தொடங்க வேண்டியிருப்பது. விலை உயர்ந்த சுழலி நாளின் பெரும்பகுதி வேலையின்றி நிற்கும்.

கலப்பு நிலையத்தில் இவ்விரண்டும் தணிகின்றன. எரிபொருளின் துணையால் சுழலி இரவும் பகலும் சுழல்கிறது. சூரிய வெப்பம் குறைந்த வெப்பநிலையில் செய்யக்கூடிய வேலைகளை மட்டும் ஏற்கிறது; உயர் வெப்பநிலைக்கான வேலை எரிபொருளிடம் விடப்படுகிறது.

வெப்பத்தைத் திரட்டும் கருவிகள்

இந்நிலையங்களில் பெரும்பாலும் பரவளையத் தொட்டி ஆடிகள் பயன்படுகின்றன. நீண்ட தொட்டி போல் வளைந்த ஆடி, தன் மீது விழும் கதிர்களை அதன் குவியக்கோட்டில் செல்லும் குழாயின் மீது குவிக்கிறது. ஆடி வரிசைகள் கிழக்கிலிருந்து மேற்காகச் சூரியனைப் பின்தொடர்ந்து திரும்புகின்றன. குழாயினுள் ஓடும் எண்ணெய் சூடாகி, வெப்பப் பரிமாற்றியில் நீரை நீராவியாக்குகிறது.

மற்றொரு வகை பிரெனெல் ஆடிகள். வளைந்த பெரிய ஆடிக்குப் பதிலாக, தரைக்கு அருகில் வரிசையாக வைக்கப்பட்ட ஒடுங்கிய ஆடிப்பட்டைகள், மேலே அசையாமல் நிற்கும் குழாயின் மீது ஒளியைத் திருப்புகின்றன. அக்குழாயில் நீரே நேரடியாக நீராவியாவதால் எண்ணெய் தேவையில்லை. இவ்வகையின் ஒளித்திறன் தொட்டி ஆடிகளைவிடக் குறைவு, கட்டமைப்பு எளியது.

இரு வகைகளுக்கும் சூரியனிலிருந்து நேராக வரும் கதிர்வீச்சு தேவை. மேகத்தாலும் தூசியாலும் சிதறிய ஒளியைக் குவிக்க இயலாது. ஆகவே பாலைநிலங்களும் வறண்ட சமவெளிகளுமே இவற்றுக்கு ஏற்ற இடங்கள்.

இணைக்கும் முறைகள்

ஊட்டுநீரைச் சூடாக்குதல்

நிலக்கரி நிலையங்களில், குளிர்கலனிலிருந்து திரும்பும் நீர் (ஊட்டுநீர்) கொதிகலனுக்குள் நுழையுமுன் பல படிகளில் சூடாக்கப்படுகிறது. இதற்காகச் சுழலியின் நடுப்பகுதிகளிலிருந்து சிறிது சிறிதாக நீராவி வடித்தெடுக்கப்படும். இது சுழற்சியின் பயனுறுதிறனைக் கூட்டுகிறது என்றாலும், வடிக்கப்பட்ட நீராவி சுழலியில் தொடர்ந்து விரிந்து செய்திருக்கக்கூடிய வேலை இழக்கப்படுகிறது.

ஊட்டுநீரைச் சூரிய வெப்பத்தால் சூடாக்கினால், அந்த நீராவியை வடிக்கத் தேவையில்லை. அது சுழலியின் இறுதிவரை சென்று கூடுதல் மின்சாரம் தருகிறது. 200 முதல் 300 பாகை வரையிலான சூரிய வெப்பமே இதற்குப் போதுமானது. உயர் அழுத்தச் சூடாக்கிகளுக்குச் செல்லும் நீராவியை விடுவிப்பதே மிகுந்த பயன் தரும். அந்த நீராவிக்குச் சுழலியில் கடக்க வேண்டிய தொலைவு அதிகம் என்பதே காரணம்.

இவ்வாறு பெறும் நன்மையை இருவகையில் பயன்படுத்தலாம். எரிபொருளின் அளவை மாற்றாமல் மின் உற்பத்தியைக் கூட்டுவது ஒன்று; உற்பத்தியை மாற்றாமல் எரிபொருளைக் குறைப்பது மற்றொன்று. முதலாவதில் ஓர் அலகு மின்சாரத்துக்கான கரியமில வாயு மட்டுமே குறைகிறது. இரண்டாவதில் நிலையம் வெளியிடும் மொத்தக் கரியமில வாயுவும் குறைகிறது.

கூட்டுச் சுழற்சி நிலையங்களுடன் இணைத்தல்

கூட்டுச் சுழற்சி நிலையத்தில் இயற்கை எரிவாயு முதலில் வாயுச் சுழலியில் எரிகிறது. அதிலிருந்து வெளியேறும் சூடான வளியைக் கொண்டு வெப்ப மீட்புக் கொதிகலனில் நீராவி உண்டாக்கி, இரண்டாவதாக ஒரு நீராவிச் சுழலி இயக்கப்படுகிறது.

நீர் கொதிக்கும்போது அதன் வெப்பநிலை மாறுவதில்லை. ஆனால் மிகுந்த வெப்பத்தை உட்கொள்கிறது. வெளியேறும் வளியோ வெப்பத்தைக் கொடுக்கக் கொடுக்கக் குளிர்ந்துகொண்டே போகிறது. எனவே உண்டாகும் நீராவியின் அளவைக் கொதித்தல் என்னும் படியே வரையறுக்கிறது. கொதிக்க வைக்கும் வேலையின் ஒரு பகுதியைச் சூரிய வெப்பம் ஏற்றுக்கொண்டால், வெளியேறும் வளியின் வெப்பத்தை நீரை முன்னதாகச் சூடாக்கவும் நீராவியை மிகைச்சூடாக்கவும் பயன்படுத்தலாம்.

வெப்பமான நண்பகலில் காற்றின் அடர்த்தி குறைவதால் வாயுச் சுழலியின் உற்பத்தி குறையும். அந்நேரத்தில் சூரிய வெப்பம் மிகுதியாகக் கிடைத்து அக்குறையை ஓரளவு ஈடுசெய்வது இம்முறையின் தனிச்சிறப்பு.

எரிபொருளால் மிகைச்சூடாக்குதல்

மூன்றாவது முறையில் சூரியனே முதன்மை மூலம். ஆடிகள் உண்டாக்கிய நீராவியின் வெப்பநிலையை எரிவாயு மேலும் உயர்த்துகிறது. 2013ஆம் ஆண்டு அபுதாபியில் திறக்கப்பட்ட 100 மெகாவாட் ஷம்ஸ்-1 நிலையத்தில், ஏறத்தாழ 380 பாகையில் உள்ள நீராவி எரிவாயுவால் 540 பாகைக்கு உயர்த்தப்படுகிறது.

வரலாறு

சூரிய வெப்பத்தால் நீராவி உண்டாக்கும் முயற்சிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கின. 1913ஆம் ஆண்டு அமெரிக்கரான பிராங்க் சூமன், எகிப்தில் கெய்ரோவை அடுத்த மாடியில் பரவளையத் தொட்டி ஆடிகளைக் கொண்டு நீராவிப் பொறியை இயக்கி, பாசனத்துக்கு நீர் இறைத்துக் காட்டினார்.

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் இத்துறை மீண்டும் கவனம் பெற்றது. 800 மெகாவாட் அனல்மின் நிலையமொன்றில் சூரிய வெப்பத்தைச் சேர்ப்பதற்கான ஏழு வழிகளை ஒப்பிட்ட சோசாக், வூ ஆகியோரின் ஆய்வு 1975இல் வெளிவந்தது.

லுஸ் நிறுவனம் 1984 முதல் கலிபோர்னியாவின் மொகாவி பாலைவனத்தில் ஒன்பது நிலையங்களைக் கட்டியது. அவற்றின் மொத்தத் திறன் 354 மெகாவாட். அவற்றுள் முதலாவதில் எரிவாயு நீராவியை மிகைச்சூடாக்கியது. மற்றவற்றில் சூரிய ஒளி குறையும்போது அது ஈடுகட்டியது. எரிவாயுவின் பங்கு 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது அந்நாட்டு விதி. எரிபொருள் விலை வீழ்ச்சியும் வரிச்சலுகைகளின் நிச்சயமின்மையும் அழுத்த, 1991இல் லுஸ் நிறுவனம் நொடித்தது. கூட்டுச் சுழற்சி நிலையத்தோடு சூரிய வெப்பத்தை இணைக்கும் திட்டத்தை முன்வைத்ததும் அந்நிறுவனமே.

1990களில் உலக வங்கியும் உலகச் சுற்றுச்சூழல் நிதியமும் அத்திட்டத்தை வளரும் நாடுகளில் செயல்படுத்த முனைந்தன. இந்தியா, எகிப்து, மொரோக்கோ, மெக்சிகோ ஆகிய நான்கு நாடுகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. இராஜஸ்தானில் ஜோத்பூரை அடுத்த மதானியாவில் 35 மெகாவாட் சூரியப் பகுதியுடன் 140 மெகாவாட் நிலையம் திட்டமிடப்பட்டது. பல ஆண்டுகள் பேச்சு நீடித்தும் அது கட்டப்படவில்லை.

குறிப்பிடத்தக்க நிலையங்கள்

• ஐன் பெனி மதர், மொரோக்கோ: ஏறத்தாழ 470 மெகாவாட்; சூரியப் பகுதி 20 மெகாவாட். 2010இல் திறக்கப்பட்டது.
• குரைமத், எகிப்து: 140 மெகாவாட், சூரியப் பகுதி 20 மெகாவாட். கெய்ரோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த இது 2011இல் உற்பத்தியைத் தொடங்கியது.
• ஹாசி ரமல், அல்ஜீரியா: 150 மெகாவாட், சூரியப் பகுதி 20 முதல் 25 மெகாவாட். அந்நாட்டின் மிகப் பெரிய எரிவாயு வயலுக்கு அருகில் 2011இல் திறக்கப்பட்டது.
• மார்ட்டின், புளோரிடா, அமெரிக்கா: ஏற்கெனவே இருந்த கூட்டுச் சுழற்சி நிலையத்தோடு 2010இல் இணைக்கப்பட்ட 75 மெகாவாட் சூரியப் பகுதி. ஏறத்தாழ 1,90,000 ஆடிகளைக் கொண்டிருந்த இது எரிபொருளைச் சேமிக்கும் நோக்கில் கட்டப்பட்டது.
• லிடெல், ஆஸ்திரேலியா: 2,000 மெகாவாட் நிலக்கரி நிலையம். 2004 முதல் பிரெனெல் ஆடிகள் சோதிக்கப்பட்டன. 2012இல் சுமார் 9 மெகாவாட் வெப்பத்திறனுள்ள ஆடித்தொகுதி நிறுவப்பட்டது. நிலையம் 2023 ஏப்ரலில் மூடப்பட்டது.
• கேமியோ, கொலராடோ, அமெரிக்கா: 2010இல் நிலக்கரி நிலையத்தின் ஊட்டுநீரைப் பரவளைய ஆடிகளால் சூடாக்கும் சோதனை நடைபெற்றது. அவ்வாண்டின் இறுதியில் நிலையம் மூடப்பட்டது.

சூரியனின் பங்கு

நிலையத்தின் திறனில் சூரியப் பகுதி வகிக்கும் விழுக்காடும், ஆண்டு உற்பத்தியில் அது வகிக்கும் விழுக்காடும் வேறானவை. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 140 மெகாவாட் நிலையத்தில் 20 மெகாவாட் சூரியப் பகுதி எனில், திறனில் அதன் பங்கு 14 விழுக்காடு. சூரியப் பகுதி ஆண்டுக்கு 2,000 மணி நேர முழுத்திறனுக்கு நிகராக இயங்கினால் 4 கோடி அலகு மின்சாரம் கிடைக்கும். எஞ்சிய 120 மெகாவாட் எரிவாயுவால் 7,000 மணி நேரம் இயங்கினால் 84 கோடி அலகு கிடைக்கும். ஆண்டு உற்பத்தியில் சூரியனின் பங்கு ஏறத்தாழ 4.5 விழுக்காடு மட்டுமே.

இப்பங்கை விரும்பிய அளவு உயர்த்த இயலாது. சூரியன் தரும் கூடுதல் நீராவியை ஏற்கும் வகையில் நீராவிச் சுழலியைப் பெரிதாக அமைத்தால், இரவில் அது குறைந்த சுமையில் ஓடி, பயனுறுதிறனை இழக்கும். அக்குறையை ஈடுகட்ட வெப்ப மீட்புக் கொதிகலனில் கூடுதலாக எரிவாயுவை எரித்தால், பகலில் சேமித்ததில் ஒரு பகுதி இரவில் செலவாகிவிடும். ஆகவே ஒரு கலப்பு நிலையத்தை மதிப்பிடும்போது, அதே எரிவாயுவைக் கொண்டு இயங்கும் வழக்கமான கூட்டுச் சுழற்சி நிலையத்தோடு அதனை ஒப்பிடுவது இன்றியமையாதது.

நிறைகளும் குறைகளும்

தனிச் சூரிய வெப்ப நிலையத்தோடு ஒப்பிட்டால், சுழலிக்கும் மின்செலுத்துத் தடங்களுக்கும் தனிச்செலவு இல்லாதது, நாள்தோறும் நிறுத்தித் தொடங்கும் இழப்பு இல்லாதது, சேமிப்பு அமைப்பு தேவைப்படாதது ஆகியவை நிறைகள். மேகம் மறைக்கும்போது எரிபொருளால் உற்பத்தியைச் சீராக வைத்திருக்க முடியும்.

குறைகளுள் முதன்மையானது இடத்தேர்வு. நிலக்கரி நிலையங்கள் சுரங்கம், துறைமுகம், நீர்நிலை ஆகியவற்றை ஒட்டி அமைந்தவை. அங்கெல்லாம் நேர்க்கதிர்வீச்சும் பரந்த சமநிலமும் கிடைப்பதில்லை. நீண்ட குழாய்களில் வெப்பம் இழக்கப்படுவதால் ஆடிகளைத் தொலைவில் அமைக்கவும் முடியாது.

எரிபொருளைச் சார்ந்திருப்பது மற்றொரு குறை. ஐன் பெனி மதர் நிலையம், அல்ஜீரியாவிலிருந்து மொரோக்கோ வழியாக ஸ்பெயினுக்குச் செல்லும் குழாயிலிருந்து எரிவாயு பெற்றது. 2021 அக்டோபர் இறுதியில் அல்ஜீரியா அக்குழாய் வழி வழங்கலை நிறுத்தியதால் நிலையத்தின் உற்பத்தி தடைபட்டது. ஆடிகளுக்கு ஒளி குறையவில்லை. ஆயினும் எரிவாயு இல்லாமல் சூரியப் பகுதி தனித்து இயங்க இயலாது. 2022 ஜூனில் அதே குழாயில் ஸ்பெயினிலிருந்து எதிர்த்திசையில் எரிவாயு வரத் தொடங்கியது.

சூழலியல் நோக்கிலும் கருத்து வேறுபாடு உண்டு. இருக்கும் நிலையங்களின் கரியமில வாயுவை உடனடியாகக் குறைக்கும் வழி என்பது ஒருசாரார் கருத்து. மூடப்பட வேண்டிய நிலக்கரி நிலையங்களின் வாழ்நாளை நீட்டிக்க இது துணைபோகலாம் என்பது மறுசாரார் கருத்து.

பிற்காலப் போக்கு

2010களில் ஒளிமின் பலகைகளின் விலை பெரிதும் வீழ்ந்ததால், சூரிய வெப்பக் கலப்பின் விலைச்சாதகம் மறைந்தது. ஆஸ்திரேலியாவின் 750 மெகாவாட் கோகன் கிரீக் நிலக்கரி நிலையத்தில் 44 மெகாவாட் பிரெனெல் ஆடித்தொகுதியை இணைக்கும் பணி 2011இல் தொடங்கியது. ஆடிகளை வழங்கிய அரேவா நிறுவனம் 2014இல் சூரிய வெப்பத் தொழிலிலிருந்து விலக முடிவெடுத்தது; 2016இல் பணி முற்றுப்பெறாமலே கைவிடப்பட்டது.

முன்னர்க் கலப்பு நிலையங்களைக் கட்டிய நாடுகளும் பிற வழிகளுக்கு மாறின. மொரோக்கோ 2016இல் உருகிய உப்பில் வெப்பத்தைச் சேமிக்கும் 160 மெகாவாட் நூர்-1 நிலையத்தை வர்சசாத்தில் திறந்தது. எகிப்து அஸ்வான் மாகாணத்தின் பென்பானில் பெரும் ஒளிமின் பூங்காவை அமைத்தது. இரவு நேர மின்சாரத்துக்குக் கலப்பு நிலையங்களில் எரிபொருள் ஆற்றிய பணியைப் புதிய சூரிய வெப்ப நிலையங்களில் உப்புத் தொட்டிகள் ஏற்றுள்ளன.