பதினான்காவது கோடு

மார்சிலிங்கின் உயரமான அடுக்குமாடிகளில் நின்று வடக்கே நோக்கினால், ஜொகூர் நீரிணைக்கு அப்பால் ஜொகூர் பாரு தெரியும். எம் மாணவர்கள் நாள்தோறும் காணும் மாநிலம் ஜொகூர். ஆயினும் 'மாநிலம்' என்றால் என்னவென்று வினவினால் விழிக்கிறார்கள். நம் நாட்டில் மாநிலங்களே இல்லையே!

அமெரிக்கக் கொடியின் 50 விண்மீன்கள் அந்நாட்டின் 50 மாநிலங்களைக் குறிப்பன எனக் கூறிவிட்டு, மலேசியக் கொடியின் கோடுகளை எண்ணச் சொன்னேன். பதினான்கு! விண்மீனின் முனைகளும் பதினான்கே. மாநிலங்களோ 13.

"ஒன்று கூடுதலாக இருக்கிறதே, ஆசிரியரே?"

அந்தப் பதினான்காவது நாம்தான். 16.9.1963 அன்று மலாயாவின் 11 மாநிலங்களோடு சாபா, சரவாக், சிங்கப்பூர் ஆகியவை சேர்ந்து மலேசியா உருவாயிற்று. 9.8.1965 அன்று நாம் பிரிந்தோம். கோட்டை அவர்கள் அழிக்கவில்லை. பின்னாளில் அது கூட்டரசைக் குறிப்பதாயிற்று.

1924இல் திறப்புவிழா கண்ட உட்லண்ட்ஸ் கடற்பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். அதில் கடப்பிதழ்ச் சோதனை வந்ததோ 1967இல்தான். பெற்றோர்களே, வீட்டு மூத்தோரிடம் கேட்டுப் பாருங்கள். சோதனையின்றிக் கடந்த நினைவு சிலருக்கேனும் இருக்கும்.

"என் தாத்தா பிறந்தது குளுவாங்கில். அப்படியானால் அவர் வேறு நாட்டுக்காரரா?" என்றாள் ஒரு சிறுமி. தாத்தாவிடமே கேட்டு எழுதி வரும்படி கூறியிருக்கிறேன்.