பின்பாக்கெட்டில் ஒரு கைக்குட்டை

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளோடு வெகுகாலம் பழகியவன் நான். துணியைக் கையில் எடுத்தால் ஷேடு பார்க்காமல் கீழே வைக்க மாட்டேன். சான் பிரான்சிஸ்கோவின் தோலுடை மதுக்கூடங்களில் தன்பாலீர்ப்பு ஆண்கள் வைத்திருந்த கைக்குட்டைக் குறியீட்டின் மேல் எனக்குப் பிடிப்பு வந்ததும் அதனால்தான்.

1970களின் தொடக்கத்தில் பரவிய வழக்கம் அது. ஜீன்ஸின் இடது பின்பாக்கெட்டில் கைக்குட்டை தொங்கினால் அவர் முன்னின்று நடத்துபவர். வலதில் தொங்கினால் தன்னை ஒப்புக்கொடுப்பவர். எதில் விருப்பம் என்பதை நிறம் சொல்லும். சாம்பல் என்றால் கட்டிப்போடுவது. கறுப்பு என்றால் வலியும் கலந்த கடுமையான விளையாட்டு. கைக்குட்டை இல்லாதவர்களுக்கு இடுப்பில் சாவிக்கொத்து எந்தப் பக்கம் தொங்குகிறது என்பதே போதும்.

இந்த ஜாக்கிரதைக்குக் காரணம் இருந்தது. கலிஃபோர்னியாவில் 1976 பிறக்கும்வரை இவர்களுடைய உறவு சட்டப்படி குற்றம். மஃப்டி போலீஸ் உள்ளே வந்து உட்காரும், சிரித்துப் பேச்சுக் கொடுக்கும், இசைந்தவனை அள்ளிக்கொண்டு போகும். பெயர் செய்தித்தாளில் வந்துவிட்டால் வேலையும் போய்விடும். வாயால் கேட்டால் அது சாட்சியம். கைக்குட்டை மேல் என்ன வழக்குப் போட முடியும்? மெக்கானிக்கும் வைத்திருக்கிற பருத்தித் துணிதானே அது!

தோலுடை இதற்கு முன்பே வந்துவிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸில் 1954இல் தொடங்கிய 'சாட்டிர்ஸ்' மோட்டார் சைக்கிள் கிளப்பைப் போன்றவை அதற்கு வழி போட்டன. 1964 ஜூனில் 'லைஃப்' பத்திரிகை, 'டூல் பாக்ஸ்' மதுக்கூடச் சுவரில் சக் ஆர்னெட் தீட்டிய ஆண்களின் ஓவியத்தைப் பெரிதாக அச்சிட்டது. தன்னைப் போல் வேறு யாரும் இல்லை என்று சின்ன ஊர்களில் குமைந்துகொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பக்கங்கள்தான் விலாசம்.

1977இல் ஹால் ஃபிஷர் இந்த அடையாளங்களைப் படமெடுத்தார். 'கே செமியாட்டிக்ஸ்' என்று அந்த வரிசைக்குப் பெயர். பாடப்புத்தகப் படம் மாதிரி, ஜீன்ஸின் பின்பக்கத்தின் மேலேயே விளக்கம் அச்சாகியிருக்கும். எல்லாம் கறுப்பு வெள்ளை. நிறம் எது என்பதை எழுத்துதான் சொல்ல வேண்டும். இதே கைக்குட்டை மூக்குச் சிந்தவும் பயன்படும், அர்த்தம் எதுவுமே இல்லாமலும் இருக்கலாம் என்று அவர் எழுதியிருப்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். அந்த மறுப்புக்கு இடம் இருந்ததால்தானே அதை வைத்திருந்தவன் பிழைத்தான்.

நிறப் பட்டியல் பிறகு நீண்டுகொண்டே போனது. வெளிர்நீலம், கருநீலம், பச்சை, மஞ்சள், பழுப்பு... எங்கள் தொழிலில் ஷேடு ஒப்பிட விளக்குப் பெட்டி வைத்திருக்கிறோம். அது இல்லாவிட்டால் கருநீலமும் கறுப்பும் அனுபவசாலியையே ஏமாற்றும். மங்கலான மதுக்கூடத்தில் என்ன தெரியும்? எந்தப் பக்கம் என்பதைக் கண்டுகொண்டு, மற்றதை நேரில் கேட்டுத்தான் உறுதிசெய்திருக்க வேண்டும். அப்படிக் கேட்க வைத்ததுதான் இந்தக் குறியீட்டின் பெருமை என்பேன். தொடுவதற்கு முன்பே விருப்பத்தையும் எல்லையையும் பேசிவிடும் ஒழுங்கு, ஊர் கேவலமாகப் பார்த்த இந்தக் கூட்டத்தில் வேரூன்றியிருந்தது. மணமேடையில்கூட அப்படி யாரும் கேட்பதில்லை.

1981இல் எய்ட்ஸ் வெளியே தெரிந்தது. அடுத்த பத்தாண்டுகளில் இந்த மொழி தெரிந்த ஒரு தலைமுறையே சரிந்தது. ஆர்னெட்டும் 1988இல் போய்விட்டார். இருப்பதையாவது காப்பாற்ற வேண்டும் என்று சக் ரென்ஸ்லோவும் டோனி டிபிளேஸும் 1991இல் சிகாகோவில் தோலுடை ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார்கள். டிபிளேஸ்தான் 1989இல் கறுப்பும் நீலமும் பட்டைகளாக, ஒரு சிவப்பு இதயத்தோடு, இவர்களுக்கென்று ஒரு கொடியை வடிவமைத்தவர். அதைப் பாக்கெட்டில் மடித்து வைக்க வேண்டியதில்லை. ஊர்வலத்தில் உயர்த்திப் பிடித்தார்கள்.