தலைநகரின் சாலையும் தண்ணீரும்

சாலைக்குப் பகை வண்டிச் சக்கரமே என்று பலரும் எண்ணுவர். பொறியியல் அறிந்தோரோ தண்ணீரையே முதற்பகையாகக் கொள்வர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சாலைகள் அமைத்த ஜான் மெக்காடம் என்பவர், வண்டியின் சுமையை உண்மையில் தாங்குவது அடியிலுள்ள மண்ணே என்றும், அது உலர்ந்திருக்கும்வரையே தாங்கும் என்றும் கண்டார். ஆகவே சாலையைச் சுற்றுநிலத்தைவிட உயர்த்தி, நீர் ஓரங்களுக்கு வழிந்தோடுமாறு செய்தார். வீட்டுக்குக் கூரை எப்படியோ, மண்ணுக்குச் சாலை அப்படி. 1934-இல் தில்லியில் தோன்றிய இந்தியச் சாலைப் பேரவையின் விதியும் இதனை ஒட்டியதே: தார்ச்சாலை நடுவிலிருந்து ஓரம்வரை மீட்டருக்கு ஏறத்தாழ 2 செ.மீ. சரிந்திருத்தல் வேண்டும்.

ஷாஜஹான் காலத்துச் சாந்தினி சௌக்கில் நீருக்கென வீதியின் நடுவிலேயே இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கே கால்வாய் ஓடிற்று. பிற்காலத்தார் அதனை மூடிவிட்டனர்.

புது தில்லி எழுந்த காலத்தில், கன்னாட் பிளேஸுக்கு அருகே, 1933-இல் மிண்டோ ரயில் பாலம் அமைந்தது. அதன் செங்கல் வளைவுகள் கண்ணுக்கினியவை. ஆனால், கீழே செல்லும் சாலை பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. மெக்காடம் கூறியதற்கு நேர்மாறு! அங்கே சேரும் நீரை இறைத்தே தீரவேண்டும். பின்னர்ச் சிவாஜி பாலம் என்று பெயர் மாற்றினர். வெள்ளம் பெயர் பார்த்து வருவதில்லை. 2020 ஜூலை 19 அன்று, சிறு சரக்கு வண்டியில் வந்த ஓட்டுநர் ஒருவர் அப்பாலத்தின்கீழ் மூழ்கி உயிரிழந்தார்.

தில்லியின் வடிகால் பெருந்திட்டம் 1976-இல் வகுக்கப்பெற்றது. அதன்பின் நகரம் பன்மடங்கு பெருகிற்று. மழையை உறிஞ்சிய மண்தரை சிமெண்டுத் தரையாயிற்று. 2024 ஜூன் 28 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் சப்தர்ஜங்கில் 228.1 மி.மீ. மழை பெய்தது, ஜூன் மாதம் முழுவதற்கும் உரிய சராசரியைப்போல அது மும்மடங்கு. மிண்டோ பாலச் சாலை மீண்டும் மூழ்கிற்று.

நம் காலனிகளின் துன்பமோ வேறு வகை. பழைய தாரைச் சுரண்டாமலே புதுத் தாரை அதன்மேல் இடுவது வழக்கமாகிவிட்டது. ஒரு முறைக்கு 4 செ.மீ. என்றாலும் ஐந்து முறையில் சாலை 20 செ.மீ. உயர்ந்துவிடும், வாசற்படி தாழ்ந்துவிடும். ஓரத்து நீர்வாய்களும் தாருக்குள் புதைகின்றன. பிறகு மழைநீர் சமையலறைக்குள் நுழைவதில் வியப்பென்ன? தாரைச் சுரண்டும் இயந்திரங்கள் தலைநகரின் பெருஞ்சாலைகளில் ஓடுகின்றன. காலனித் தெருக்களுக்கு அவற்றைக் கேட்டுப் பெறவேண்டியிருக்கிறது.