தொண்டர்களிடம் கணக்குக் கேட்கலாமா? மலையகத் தோட்டங்களும் மத்தியஸ்த சபைகளும்

இலங்கையின் மத்தியஸ்த சபைகள் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானவை. அங்கே அமர்வோர் சம்பளம் வாங்கும் நீதிபதிகள் அல்லர். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், முன்னாள் அரச ஊழியர்கள், ஊரில் மதிப்புள்ளவர்கள் எனப் பலரும் வார இறுதியில் பாடசாலை மண்டபத்திலோ கோயில் மடத்திலோ கூடி, அயலவர் சண்டையையும் கடன் தகராறையும் பேசித் தீர்க்க முயல்கிறார்கள். ஊதியம் பெறாத இந்தச் சேவை மதிப்புக்குரியது. அந்த மதிப்பே ஒரு தயக்கத்தையும் வளர்த்துவிட்டது. சும்மா வந்து உதவுகிறவர்களிடம் கணக்குக் கேட்பது நன்றிகெட்ட செயல் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் இந்தத் தயக்கத்தின் விலையைக் கொடுப்பவர்கள் மிக எளியவர்களே என்பது இக்கட்டுரையின் வாதம்.

சபையின் பலம் எங்கே இருக்கிறது? அது தீர்ப்பு வழங்குவதில்லை. இரு தரப்பும் ஒப்பினால் மட்டுமே இணக்கம். வழக்கறிஞர்கள் வாதாடுவதில்லை. தகராற்றை விசாரிக்கும் மூவரில் ஒருவரை ஒரு தரப்பும் மற்றொருவரை எதிர்த்தரப்பும் தெரிவுசெய்ய, அவ்விருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவுசெய்வார்கள். சட்டம் சாதாரண மனிதருக்குக் கொடுத்த அரிய உரிமை இது. ஆனால் பட்டியலில் இருப்பவர் யார், யாருடைய உறவு, எந்தச் சங்கத்துக்காரர் என்பது தெரியாமல் எப்படித் தெரிவுசெய்வது? அறியாமல் செய்யும் தெரிவு குருட்டுச் சீட்டு எடுப்பதற்கு ஒப்பு.

தோட்டத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அங்கே ஒருவரே பல பொறுப்புகளைச் சுமப்பது வழக்கம். தொழிற்சங்கத் தோட்டத் தலைவர் கோயில் கமிட்டியிலும் இருப்பார். மரண உதவிச் சங்கத்தின் காசும் அவர் கையில் இருக்கலாம். தோட்ட நிருவாகியான துரையிடம் பேசப் போகும்போதும் முன்னால் நிற்பவர் அவரே. இதில் குற்றமில்லை. சிறிய சமூகத்தில் முன்வந்து உழைப்பவர்கள் சிலரே. ஆனால் அத்தகைய ஒருவர் மத்தியஸ்தராக அமரும்போது, எதிரே நிற்கும் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு அவர் மத்தியஸ்தராக மட்டும் தெரியமாட்டார். நாளைக்கு லயத்துக் கூரை ஒழுகினாலும் மகனுக்கு வேலை வேண்டுமானாலும் அவரிடமே போக வேண்டியிருக்கும். அவள் "சரி" என்று சொல்வதில் எவ்வளவு இணக்கம், எவ்வளவு அச்சம்? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். சபையின் புள்ளிவிவரத்திலும் இரண்டும் தீர்க்கப்பட்ட ஒரு பிணக்காகவே பதிவாகும்.

கடன் விவகாரங்களில் இது வெறும் ஊகமாக நின்றுவிடாது. குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட கடன் பிணக்குகள் நீதிமன்றத்துக்குப் போகுமுன் சபைக்கு வந்தாக வேண்டும். 2016ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த எல்லையை 5 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சபையை அடிக்கடி நாடுவது இதனால்தான். நிறுவனத்தின் சார்பில் வருபவர் நடைமுறையை நன்கு அறிந்தவர். கடன்பட்ட தொழிலாளிக்கோ, இணங்க மறுக்கலாம், மறுத்தால் இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் வழங்கப்படும், அதற்கப்பால் நீதிமன்றம் இருக்கிறது என்பதுகூடத் தெரியாமல் இருக்கலாம். மலையக வரலாறு அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஆட்களைத் திரட்டி மேய்த்த கங்காணி முறையில் தொழிலாளியின் கடன் அவர் வாசித்துச் சரிபார்க்க முடியாத ஏட்டில் ஏறியது. "துண்டு" என்ற கடன் சீட்டின் பேரில் ஆட்கள் தோட்டம்விட்டுத் தோட்டம் மாற்றப்பட்டார்கள். 1921இல் சட்டம் துண்டு முறையைத் தடைசெய்தது. தன்னைப் பற்றிய கணக்கைத் தானே பார்க்க முடியாத நிலை அந்த ஒரு சட்டத்தோடு முடிந்துவிடவில்லை.

மத்தியஸ்தம் இரகசியமானது, அதைப் பொதுவெளிக்குக் கொண்டுவரலாகாது என்று எதிர்வாதம் எழும். சபையில் சொன்னதை நீதிமன்றத்தில் சாட்சியமாக்க முடியாது என்ற பாதுகாப்பு அவசியமானது; குடும்பப் பிரச்சினையோடு வரும் பெண்ணுக்கு அதுவே கவசம். ஆனால் இரகசியம் தகராறுக்கு உரியது, சபைக்கு உரியதல்ல. ஆண்டுக்கு எத்தனை முறைப்பாடுகள் வந்தன, எத்தனை தீர்ந்தன, அவற்றில் நிறுவனங்கள் கொண்டுவந்தவை எத்தனை, விசாரணை தமிழில் நடந்ததா என்பவற்றைச் சொல்வதால் எவருடைய மானமும் போகாது. மொழி பற்றிய கேள்வி சிறியதன்று. நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இலேயே இருமொழி நிருவாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை.

இன்றைய அமைப்பில் பொறுப்புக்கூறல் மேல்நோக்கியே செல்கிறது. மத்தியஸ்தர்களை நியமிப்பதும் நீக்குவதும் ஐவர் கொண்ட ஆணைக்குழு. அவர்களில் மூவரேனும் உயர் நீதிமன்றத்திலோ மேன்முறையீட்டு நீதிமன்றத்திலோ நீதிபதியாக இருந்தவர்கள். அரசியல் தலையீட்டைத் தடுக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் கொழும்பிலுள்ள ஆணைக்குழுவுக்கும் பொகவந்தலாவை லயத்துக்கும் நடுவே தோட்டத்தின் வாசற்கதவும் இருக்கிறது. அரச சேவை அந்தக் கதவோடு நின்றதற்கு உதாரணம் உண்டு: 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, உள்ளூராட்சிப் பணம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செல்வதை 2018இல் திருத்தப்படும்வரை முடக்கியிருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது உண்மை. எழுதிக் கேட்கத் தெரிந்தவருக்கு அது கைகொடுக்கும். கேட்கலாம் என்றே அறியாதவருக்குக் கேளாமலே சொல்லப்பட வேண்டும்.

பிலிப்பைன்ஸ் நாட்டில் இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. அங்கே 1991ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டப்படி, ஊர் இணக்கசபைக்கு முன்மொழியப்படுவோரின் பெயர்களை ஊரில் கண்ணில்படும் மூன்று இடங்களில் மூன்று வாரத்துக்குக் குறையாமல் ஒட்டி வைக்க வேண்டும். ஆட்சேபனைகளைக் கருத்திற்கொண்ட பிறகே நியமனம். தோட்டத்தில் அந்த மூன்று இடங்களைத் தேட வேண்டியதில்லை: காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களம், கொழுந்து நிறுக்கும் கொழுந்து மடுவம், குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைமடுவம். பிள்ளைமடுவத்தை வேண்டுமென்றே சேர்க்கிறேன். தாய்மார் தினமும் வந்துபோகும் அந்த இடத்தில் ஆண்களின் காவல் குறைவு.

இப்படிக் கேள்வி கேட்டால் தொண்டர்கள் விலகிவிடுவார்கள் என்ற அச்சத்தை நான் இலேசாகத் தள்ளவில்லை. ஆட்கள் கிடைப்பதே அரிது. அதனால்தான் கேட்பவர் யார் என்பதில் கவனம் வேண்டும். தொழிற்சங்கமோ தோட்ட நிருவாகமோ கணக்குக் கேட்கத் தொடங்கினால், சபை அவர்களின் கைக்குள் போய்விடும். நேர்மையான மத்தியஸ்தர் முதலில் விலகுவார். ஊர் மக்கள் முன்னிலையில் ஆண்டுக்கொரு முறை அறிக்கையைத் தமிழிலும் சிங்களத்திலும் வாசிப்பதும், தகராற்றில் தனக்குள்ள உறவையோ சங்கத் தொடர்பையோ மத்தியஸ்தர் அமருமுன் வாய்விட்டுச் சொல்வதும் வேறு வகை. லயத்தில் காதோடு காதாய்ப் பரவும் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல இன்று அவருக்கு மேடையே இல்லை. இந்த வழக்கம் அதைத் தரும். சட்டத்தைத் திருத்தக் காத்திருக்கவும் தேவையில்லை. அடுத்த நியமனத்துக்கான பெயர்களை, கிராம உத்தியோகத்தர்கள் வழியே, தோட்டம் தோட்டமாக ஒட்டச் செய்ய ஆணைக்குழுவின் ஒரு சுற்றறிக்கை போதும்.