நெடுந்தீவுக்குப் படகேறும் காஸ்: 134ஏயும் 600ஏயும்

ஊர்காவற்றுறையில் பிரிட்ஜ் குளிராவிட்டால் வாகனத்தில் ஏற்றி, பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணத்துப் பட்டறைக்குக் கொண்டுபோகலாம். நெடுந்தீவுக்காரருக்கு அந்த வசதி இல்லை. குறிகட்டுவானிலிருந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலக் கடல். மெக்கானிக்தான் சாமான்களோடு படகேற வேண்டும். நயினாதீவு கிட்டத்தான் என்றாலும் அங்கும் சுமை தோளில்தான். எதைக் கொண்டுபோவது, எதை இறங்குதுறையிலேயே விட்டுப்போவது என்ற அந்தக் கணக்கில்தான் பாதுகாப்புத் தவறுகிறது என்பது என் எண்ணம். எந்தக் காஸ் என்பதைப் பொறுத்துத் தவறும் இடமும் மாறும்.

1987 மொன்றியல் உடன்படிக்கைக்குப் பின் ஓசோனைக் கெடுத்த பழைய பிரிட்ஜ் காஸான ஆர் 12 ஒதுங்க, அதன் இடத்துக்கு ஆர் 134ஏ வந்தது. ஓசோனைக் கெடுக்காது, சாதாரண நிலையில் தீப்பற்றாது. ஆனால் ஒரு கிலோ வெளியேறினால் ஏறத்தாழ 1,430 கிலோ காபனீரொட்சைட்டு அளவுக்கு வளியைச் சூடாக்கும். இத்தகைய காஸ்களைக் குறைக்கும் 2016 கிகாலித் திருத்தத்தை இலங்கை 2018இல் ஏற்றது. இப்போது வரும் வீட்டுப் பிரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஆர் 600ஏ, அதாவது ஐசோபியூற்றேன். அதன் சூடாக்கும் வலு அற்பம். 134ஏ 120 கிராம் கொள்ளும் பெட்டிக்கு இது 50 கிராம் அளவில் போதும். குறை ஒன்றே: எரியும்.

134ஏயில் சுமைதான் பெரிய சிக்கல். பழைய காஸை உறிஞ்சிச் சேகரிக்கத் தனி இயந்திரமும் வெற்றுச் சிலிண்டரும் வேண்டும். அவற்றைப் படகில் ஏற்ற யாருக்கும் மனம் வராது, காஸ் காற்றோடு போகும். அதன் எண்ணெய் ஈரத்தை வெகுவேகமாகக் குடிக்கும். உப்புக் காற்றில் குழாயைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகக்கூடாது. குழாயில் காஸ் மிச்சமிருக்கச் சுவாலை பிடித்தால் ஐதரசன் புளோரைட்டு உண்டாகும், நெஞ்சை அரிக்கும் நச்சு. தீப்பற்றாது என்ற நம்பிக்கையில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

600ஏ வேறு விதம். மறை 20 பாகையில் 134ஏயின் அமுக்கம் 1.33 பார், வளியமுக்கத்துக்கு மேலே. அதே குளிரில் 600ஏ வெறும் 0.72 பார். ஆகவே உறிஞ்சு பக்கக் குழாயில் துளை விழுந்தால், கொம்பிரசர் ஓடும்போது காஸ் வெளியே வருவதற்குப் பதிலாகக் கடற்காற்று உள்ளே போகும். கொம்பிரசர் கொதிக்கும், குளிர் குறையும். 134ஏயில் பழகிய கை "காஸ் குறைஞ்சிட்டுது" என்று இன்னும் கொஞ்சம் அடிக்கும். அங்கே அது வீண்செலவு. இங்கே காற்றும் எரிகாஸும் ஒரே குழாய்க்குள் கலந்து நிற்கும் நேரத்தில் ரோச்சைப் பற்றவைக்கப் போகிறோம். 600ஏக்கு "மேலதிகமாக அடிப்பது" என்ற வேலையே இருக்கக்கூடாது. உள்ளதை முழுவதும் குழாய் வழியாக வெளியே, காற்றோட்டமுள்ள இடத்துக்கு விட வேண்டும். உலர்ந்த நைதரசனால் கழுவி, கசிவைக் கண்டு அடைத்து, வக்கியூம் பம்பால் வெறுமையாக்கி, தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும். நைதரசன் சிலிண்டர் பாரம் என்று, கரையில் வெல்டிங்குக்கு இருக்கும் ஒட்சிசனை வாங்கி அமுக்கம் பார்ப்பது தற்கொலை. எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். இது இரண்டு காஸுக்கும் பொது.

2021 இறுதியில் நாடெங்கும் சமையலறைகளில் காஸ் வெடித்த செய்திகள் வந்தபோது சனம் மணத்துக்கே பயந்தது. பிரிட்ஜுக்கு வரும் ஐசோபியூற்றேனில் அந்த மணம்கூட இல்லை. காற்றில் 1.8 வீதத்திலிருந்து 8.4 வீதம் வரை இருந்தால் பற்றும். 200 லீற்றர் பெட்டிக்குள் 25 கிராம் கசிந்தால் ஏறத்தாழ 5 வீதம், நடு எல்லை. காற்றைவிடப் பாரமானதால் தரையோடு தேங்கும். ஆகவே பெட்டியை முற்றத்துக்கு இழுத்துவிட்டுத்தான் வேலை. பம்பின் பிளக்கைத் தூரத்தில் செருகி, வால்வைத் திறக்கமுன் போட வேண்டும். குழாயைப் பொருத்த, சுவாலை தேவைப்படாத அழுத்து வளையங்கள் கிடைக்கின்றன. விலை கூட, ஆனால் தீவுக்குப் போகும் பையில் முதலில் வைக்க வேண்டியது அவைதான்.

இத்தனையும் கொண்டுபோகும் மெக்கானிக்குக்கு நெடுந்தீவில் 600ஏ பெட்டியே சுலபம் என்பேன். 134ஏ பெரிய சிலிண்டர் 13.6 கிலோ; 600ஏ 420 கிராம் டின்னிலும் வருகிறது. ஆபத்தும் அந்தச் சின்ன டின்னால்தான். பைக்குள் அடங்குகிறதே என்று அதை 134ஏ பெட்டிக்குள் ஏற்றத் தோன்றும், பெட்டியும் குளிரும். ஆனால் அதன் தெர்மோஸ்டாற், விளக்குச் சுவிச், ரிலே ஒன்றும் எரிகாஸுக்குச் செய்தவை அல்ல. அவை இயங்கும் ஒவ்வொரு தடவையும் பொறி பறக்கும். பின்பக்கத் தகட்டில் இன்னும் ஆர் 134ஏ என்றே இருக்கும். எரிகாஸ் பெட்டியின் மஞ்சள் முக்கோணம் அதில் இராது. அடுத்த வருடம் வேறொருவர் வந்து தகட்டை வாசித்து, ரோச்சைப் பற்றவைப்பார்.