'நாளைக்குப் பார்த்துக்கலாம்' - ஒரு சின்ன வரலாறு

செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய இரவுதான் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தை முதல்முறையாகத் திறக்கிறோம். வீட்டில் "சோம்பேறி" என்று திட்டு விழுகிறது. நாமும் நம்மை அப்படியே திட்டிக்கொள்கிறோம். ஆனால் இது வெறும் சோம்பேறித்தனம்தானா?

தள்ளிப்போடுவதை ஆங்கிலத்தில் ப்ரோகிராஸ்டினேஷன் என்பார்கள். 'கிராஸ்' என்றால் லத்தீனில் நாளை. நாளைக்குத் தள்ளுவது, அவ்வளவுதான் அர்த்தம். 16ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் புழங்கிய சொல் இது.

மாணவர்களின் இந்தப் பழக்கத்தை அளந்து பார்த்த ஆய்வுகளில் முக்கியமான ஒன்று 1984ல் வெளிவந்தது. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் லாரா சாலமன், எஸ்தர் ராத்ப்ளம் என்ற இருவரும் 342 மாணவர்களிடம் கேட்டார்கள். டெர்ம் பேப்பர் எழுதுவதை எப்போதுமே அல்லது அநேகமாக எப்போதும் தள்ளிப்போடுவதாக 46 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். ஏன் என்று தோண்டியபோது இரண்டு காரணங்கள் தெரிந்தன. ஒன்று, அந்த வேலையே பிடிக்கவில்லை. இரண்டாவது, செய்து தோற்றுவிடுவோமோ என்ற பயம். இந்தப் பயம் உள்ளவர்கள் குறைவுதான். ஆனாலும் அவர்களைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியுமா?

"கடைசி நேரத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்யும்" என்பவர்கள் 1997ல் டயான் டைஸ், ராய் பாமைஸ்டர் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கவேண்டும். செமஸ்டர் ஆரம்பத்தில் தள்ளிப்போடுபவர்கள் மற்றவர்களைவிட நிம்மதியாகவே இருந்தார்கள். கடைசியில் மன அழுத்தமும் உடல்நலக் குறைவும் சேர்ந்து வந்தன. மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் நஷ்டம்தான், மதிப்பெண்ணும் குறைவு. காமர்ஸ் மாணவனுக்கு இது தெரிந்த கணக்கு. கடன் வாங்கும்போது சுகம், வட்டி கட்டும்போது தெரியும்.

சரி, இதற்கு என்னதான் வழி? 2010ல் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் வோல், திமோதி பிச்சில், ஷானன் பென்னட் மூவரும் 119 முதலாண்டு மாணவர்களைக் கவனித்தார்கள். முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். மனதில் கசப்பு குறையும்போது புத்தகத்தைத் திறப்பது எளிதாகிறது.

இதைப் படித்ததும் என் கதைதான் ஞாபகம் வந்தது. ஒரு பேப்பரில் அரியர் விழுந்த பிறகு, ஒரு மாதம் அந்தப் புத்தகத்தைத் தொடவே இல்லை. கோபம் பாடத்தின் மேல் இல்லை, என் மேல்தான். திட்டித் திட்டியே அந்த மாதம் போய்விட்டது.

இன்றைக்கு முதல் அத்தியாயம் மட்டும் படிப்பதாக முடிவு. அதற்கு முன்னால் இந்தக் கட்டுரை எதற்கு என்று மட்டும் கேட்காதீர்கள் :-)